கணிப்பொறி விளையாட்டும் நினைவகத்தின் அளவும்

முன்னுரை

சேலத்திற்கு வடமேற்கே, மேட்டூர் செல்லும் வழியில் அமைந்துள்ள மேச்சேரி, தன் பெயரால் ஓர் ஆட்டினத்தையே நாடறியச் செய்த ஊராகும். இறைச்சிக்கும் தோலுக்கும் பெயர் பெற்ற அவ்வாட்டினை வாங்க வருவோர், சந்தையில் அதன் பல்லைப் பார்ப்பர். முதுகெலும்பைத் தடவிப் பார்ப்பர். நடக்க விட்டும் பார்ப்பர். கழுத்தில் கட்டிய மணியைக் கண்டு விலை பேசுவார் எவரும் இலர். தம் தேவை இன்னதென அறிந்து, அதற்கேற்ற பொருளைத் தேர்ந்து, அதற்குரிய விலையை மட்டுமே கொடுக்கும் பழக்கம் நம் உழவர் பெருமக்களிடம் வழிவழியாக வேரூன்றி வந்துள்ளது.

ஆயினும், அதே குடும்பத்தார் தம் மகனுக்குக் கணிப்பொறி வாங்கக் கடையேறும்போது அவ்விழிப்பு தளர்ந்துவிடுகின்றது. "விளையாட்டுக்கான கணிப்பொறியா? ரேம் 8 போதுமா, 16 வேண்டுமா, 32 போடட்டுமா?" என்று கடைக்காரர் வினவுகின்றார். மகனோ பெரிய எண்ணை விழைகின்றான். தறியிலும் மானாவாரி நிலத்திலும் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கையில் வைத்திருக்கும் தந்தைக்கு, அவ்வெண் எதைக் குறிக்கின்றது என்பதே விளங்குவதில்லை. அவ்வெண்ணின் பொருளையும், அதனைத் தேரும் முறையையும் இயன்றவரை எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அணையும் ஏரியும் வயலும்

கணிப்பொறியின் உள்ளே மூன்று உறுப்புகள் நம் கருத்திற்கு உரியன. ஒன்று, கோப்புகளையும் விளையாட்டுகளையும் நிலையாகச் சேர்த்து வைக்கும் சேமிப்பகம். இது வன்வட்டாகவோ எஸ்.எஸ்.டி.யாகவோ இருக்கும். மற்றொன்று, கணக்குகளைச் செய்து முடிக்கும் செயலி. இவ்விரண்டிற்கும் இடையே நின்று, செயலிக்கு அப்போதைக்கப்போது வேண்டுவனவற்றைக் கைக்கெட்டும் தொலைவில் ஏந்தி நிற்பதே ரேம் எனப்படும் நினைவகம்.

இதனை விளக்க நம் பகுதியைக் காட்டிலும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. 1934-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை 120 அடி உயரத்திற்கு நீர் தேக்கவல்லது, 93.47 டி.எம்.சி. கொள்ளளவு உடையது. அத்துணைப் பெரிய நீர்த்தேக்கம் அருகிருந்தும், அதனைச் சூழ்ந்த மேட்டு நிலங்கள் நெடுங்காலம் வானம் பார்த்த பூமியாகவே இருந்தன. அணையில் நீர் உண்டு. வயலருகே ஏரியில் இல்லை. இக்குறையைப் போக்கும் பொருட்டே, அணையின் உபரிநீரைச் சரபங்கா வடிநிலப் பகுதியின் 100 ஏரிகளுக்கு ஏற்றிச் செல்லும் திட்டம் 2020-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது.

சேமிப்பகத்தை அணை என்றும், நினைவகத்தை ஏரி என்றும், செயலியை வயல் என்றும் கொண்டால் செய்தி தெளிவாகும். ஏரி சிறிதாயின், நீர் தீருந்தோறும் தொலைவிலுள்ள அணையை நோக்கிக் காத்திருக்க வேண்டும். அதற்குள் பயிர் வாடும். ஏரி போதுமான அளவினதாயின், பயிர் தடையின்றி வளரும். ஆனால் வயலுக்கு வேண்டிய நீரைக் காட்டிலும் பன்மடங்கு கொள்ளும் ஏரியை வெட்டுவதனால் விளைச்சல் பன்மடங்காகிவிடாது. நினைவகத்தின் தன்மையும் இத்தகையதே. குறைந்தால் கேடு, போதுமான அளவிற்கு மேல் கூடினால் கூடுதற்பயன் இல்லை. இவ்வொன்றை மனத்திற் கொண்டால் ஏனைய யாவும் எளிதில் விளங்கும்.

இக்காத்திருப்பின் அளவினைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். நினைவகத்திலுள்ள ஒரு செய்தியைச் செயலி எடுக்க, ஏறத்தாழ ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு நேரம் ஆகும். எஸ்.எஸ்.டி.யிலிருந்து எடுப்பதற்கு அதனினும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கும், சுழலும் வன்வட்டிலிருந்து எடுப்பதற்கு ஏறத்தாழ இலட்சம் மடங்கும் நேரம் செல்லும். விளையாட்டு, திரையில் நொடிக்கு 60 படங்களைத் தீட்டுகின்றது எனில், ஒரு படத்திற்குக் கிடைப்பது 16.7 மில்லி நொடியே. வன்வட்டினை ஒருமுறை நாடினாலே ஏறத்தாழ 10 மில்லி நொடி கழிந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திடீரெனக் குலுங்கி நிற்பது போல விளையாட்டு இடையிடையே தடைப்படுவதன் காரணம் இதுவே.

ஒழுகும் குடம்

இன்று நாம் கையாளும் நினைவகத்தின் அடிப்படையைக் கண்டறிந்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் இராபர்ட் டென்னார்டு ஆவார். அவரது கண்டுபிடிப்பிற்கு 1968-ஆம் ஆண்டு காப்புரிமை வழங்கப்பெற்றது. ஒரு டிரான்சிஸ்டரும் மின்னூட்டம் தாங்கும் ஒரு கெப்பாசிட்டரும் சேர்ந்து ஒரு பிட்டைக் காக்கும் என்பதே அதன் சாரம். அம்மின்னூட்டம் ஒழுகும் குடத்து நீரைப் போன்றது. நொடிக்குப் பன்முறை மீண்டும் நிரப்பினாலன்றி நில்லாது. ஆதலின், மின்சாரம் நின்ற கணமே நினைவகம் வெறுமையாகிவிடும். "ரேம் கூட்டினால் விளையாட்டுகளை அதிகமாகச் சேமிக்கலாம்" என்று எண்ணுவோர் இவ்வேறுபாட்டை உணர்தல் நன்று. சேமிப்பது வட்டின் தொழில்; ஏந்தி நிற்பதே நினைவகத்தின் தொழில்.

எழுத்தும் ஓவியமும்

ஒரு ஜி.பி. என்பது 107 கோடிக்கும் மேற்பட்ட பைட்டுகளைக் கொண்டது. தமிழ் பயில்வோர்க்கு இவ்வளவினை எழுத்தைக் கொண்டே விளக்கலாம். "மேச்சேரி" என்னும் சொல்லை யூனிகோடு முறையில் எழுத எட்டுக் குறியீடுகள் வேண்டும். இணையத்தில் வழங்கும் யு.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். எனவே அச்சொல் 24 பைட்டுகளில் அடங்கும். அவ்வாறே கணக்கிட்டால், 1330 குறட்பாக்களும் ஏறத்தாழ கால் எம்.பி. அளவிற்குள் அமைந்துவிடும். 16 ஜி.பி. நினைவகத்தில் திருக்குறளை அறுபத்தையாயிரம் படிகள் எழுதி வைக்கலாம்!

அவ்வாறாயின் ஒரு விளையாட்டிற்கு அது போதாமற் போவது எங்ஙனம்? எழுத்திற்குச் சிறிதிடம் போதும். ஓவியத்திற்குப் பேரிடம் வேண்டும் என்பதே விடை. 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையில் தோன்றும் ஒரே ஒரு படம், புள்ளிக்கு நான்கு பைட்டு வீதம் ஏறத்தாழ 8 எம்.பி. கொள்ளும்; அஃதாவது 32 திருக்குறள் நூல்களுக்கு ஒப்பாகும். ஒரு சுவரின் மேற்பூச்சை நுணுக்கமாகக் காட்ட, 4096-க்கு 4096 புள்ளிகள் கொண்ட ஓவியம் ஒன்று பயன்படுகின்றது எனில், அது சுருக்காத நிலையில் 64 எம்.பி. ஆகும். கால் பங்காகச் சுருக்கினும் 16 எம்.பி. கொள்ளும். மரமும் மலையும் மாந்தரும் நிறைந்த ஒரு கற்பனை உலகில் இத்தகைய ஓவியங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். இவ்வோவியங்கள் இறுதியிற் சென்று சேருமிடம், கிராஃபிக்ஸ் கார்டின் மேலேயே அமைந்த தனி நினைவகமாகும். விளம்பரங்களில் "8 ஜி.பி. கார்டு" என்று காண்பது அதனையே. நாம் பேசும் ரேம் அதனின் வேறு. ஒன்றன் குறையை மற்றொன்று முழுமையாக ஈடுசெய்ய இயலாது. கார்டு இல்லாது, செயலியினுள் அமைந்த வரைகலைப் பகுதியைக் கொண்டே விளையாடும் கணிப்பொறிகளில் மட்டும், பொது நினைவகத்தின் ஒரு பகுதியே ஓவியங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்படும். குறைந்த செலவில் கணிப்பொறி அமைக்கும் மாணவர் பலரும் இம்முறையையே நாடுகின்றனர். அவர்க்கு 8 ஜி.பி. என்பது, பகிர்வு போக, அதனினும் குறைவாகவே எஞ்சும் என்பதை மறத்தலாகாது.

காலந்தோறும் வளர்ந்த தேவை

1993-இல் வெளிவந்த டூம் என்னும் புகழ்பெற்ற விளையாட்டிற்கு 4 எம்.பி. நினைவகம் போதுமானதாக இருந்தது. 2015-இல் கணிப்பொறிக்கென வந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5, குறைந்த அளவாக 4 ஜி.பி.யும் பரிந்துரையாக 8 ஜி.பி.யும் கேட்டது. இருபத்திரண்டு ஆண்டுகளில் குறைந்த அளவே ஆயிரம் மடங்காகிவிட்டது. 2020-இல் 8 ஜி.பி.யில் இயங்கும் என்று வந்த சைபர்பங்க் 2077, 2023-ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின் குறைந்தது 12, பரிந்துரை 16 எனத் தன் தேவையை உயர்த்திக்கொண்டது. 2024-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் குறைந்தது 16 என்றும், பரிந்துரை 32 என்றும் குறிக்கின்றது. மறுபுறம், பெருந்திரளானோர் ஆடும் வேலரன்ட் போன்ற போட்டி விளையாட்டுகள் 4 ஜி.பி.யிலேயே தொடங்கிவிடும்.

நம் மாநிலத்தின் அனுபவமும் இதனையே உணர்த்துகின்றது. தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் 2 ஜி.பி. நினைவகம் இருந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்க்கென அறிவிக்கப்பட்ட புதிய மடிக்கணினிகளுக்கோ 8 ஜி.பி. என வரையறுக்கப்பட்டது. கல்விக்கும் எளிய விளையாட்டிற்கும் உரிய அளவாக 8 ஜி.பி.யைக் கொள்ளலாம் என்பதற்கு இது தக்கதொரு அடையாளமாகும்.

எத்துணை வேண்டும்?

இனி, தேரும் முறையைக் காண்போம். முதற்கண், ஆட விரும்பும் விளையாட்டுகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் கேட்கும் "பரிந்துரை" அளவைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். "குறைந்த அளவு" என்பது விளையாட்டுத் தொடங்குவதற்கு உரியது; இனிது ஆடுவதற்கு உரியதன்று. வாங்கும் அளவு, அப்பட்டியலிலுள்ள மிகப் பெரிய பரிந்துரைக்குக் குறையாதிருத்தல் நலம்.

இவ்வழியே நோக்கின், பழைய விளையாட்டுகளும் எளிய போட்டி விளையாட்டுகளும் மட்டுமே ஆடுவார்க்கு 8 ஜி.பி. ஒருவாறு செல்லும். ஆயினும், இயங்குதளமும் இணைய உலாவியுமே சில ஜி.பி.க்களை விழுங்கிவிடுவதால், புதிதாக வாங்குவோர் இவ்வளவோடு நிற்பது நெடுநாள் தாங்காது. 16 ஜி.பி. என்பதே இன்றைய விளையாட்டுகளிற் பெரும்பாலானவற்றிற்கு ஏற்ற நடுநிலை அளவாகும். வானூர்தி ஓட்டும் விளையாட்டு போன்ற பெரிய உலகங்களை விரும்புவோர்க்கும், ஆடிக்கொண்டே அதனைப் பதிவு செய்து ஒளிபரப்புவோர்க்கும், காணொளித் தொகுப்பை ஒரு தொழிலாகக் கொள்ள எண்ணுவோர்க்கும் 32 ஜி.பி. வேண்டும். விளையாட்டிற்காக மட்டும் 64 ஜி.பி. வாங்குவது, ஒரு காணி நிலத்திற்கு ஓர் அணை கட்டுவது போன்றதாகும். அப்பணத்தைக் கிராஃபிக்ஸ் கார்டிற்கு மாற்றினால், திரையிலேயே அதன் பயன் தோன்றும்.

முன்னமே கணிப்பொறி உடையோர், கூடுதல் நினைவகம் வாங்குமுன் அளந்து பார்த்தல் இன்றியமையாதது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் தோன்றும். வழக்கமான விளையாட்டை அரைமணி நேரம் ஆடியபின், அதில் நினைவகத்தின் பகுதியை நோக்குக. முழு அளவையும் ஏறத்தாழ எட்டிவிட்டு, விளையாட்டும் விட்டுவிட்டுத் தடைப்படுமாயின் நினைவகம் குறை எனக் கொள்ளலாம். நினைவகம் பாதி வெறுமையாக இருந்தும் படங்கள் ஒரே சீராக மெல்லவே நகருமாயின், குறை கிராஃபிக்ஸ் கார்டிலோ செயலியிலோ உளது. ரேம் கூட்டுவதால் அது தீராது. தலைவலிக்குக் காலில் மருந்து தடவி என்ன பயன்?

ஒன்றா, இரண்டா?

அளவு ஒன்றாயினும் அதனை வாங்கும் வகையில் வேறுபாடு உண்டு. 16 ஜி.பி.யை ஒரே பட்டையாகவும் வாங்கலாம். எட்டு எட்டாக இரு பட்டைகளாகவும் வாங்கலாம். கடைகளில் இப்பட்டையினை "ஸ்டிக்" என்பர். செயலிக்கும் நினைவகத்திற்கும் இடையே வழக்கமாக இரு தடங்கள் உள்ளன. ஒரு பட்டை மட்டும் இருப்பின் ஒரு தடமே பயன்படும். டி.டி.ஆர்.4 வகையில் 3200 வேகமுடைய பட்டை, ஒரு தடத்தில் நொடிக்கு 25.6 ஜி.பி. செய்தியைக் கடத்தும், இரு தடங்களும் திறந்தால் 51.2 ஜி.பி. ஆகும். ஏரிக்கு ஒரு மதகிற்குப் பதில் இரு மதகு அமைத்தாற்போல் என்க. தனிக் கார்டு இல்லாத கணிப்பொறிகளில் இவ்வேறுபாடு கண்கூடாகத் தெரியும்.

எனவே, நான்கு பட்டைகளுக்கு இடமுள்ள மதர்போர்டாயின், இரண்டு எட்டு ஜி.பி. பட்டைகள் வாங்கிப் பொருத்தி, எஞ்சிய இரண்டிடத்தைப் பின்னாளுக்கு விட்டு வைக்கலாம். இரண்டே இடமுள்ள போர்டாயின், தனிக் கார்டு உடையோர் ஒரே 16 ஜி.பி. பட்டையை வாங்கி, பணம் சேர்ந்தபின் அதே வகைப் பட்டை மற்றொன்றைச் சேர்ப்பதும் ஏற்புடையதே. கார்டு இல்லாதோர் மட்டும் முதலிலேயே இரண்டாக வாங்குதல் நன்று. டி.டி.ஆர்.5 வகையில் நான்கு பட்டைகளையும் நிரப்பினால் வேகம் குறைய நேரிடும். அவ்வகையில் இரண்டோடு நிற்பதே சிறப்பு.

மேலும் இரண்டு எச்சரிக்கைகள் உள. டி.டி.ஆர்.4 பட்டை டி.டி.ஆர்.5 போர்டில் பொருந்தாது. நடுவேயுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். போர்டின் வகையை அறிந்த பின்னரே பட்டையை வாங்க வேண்டும். அடுத்து, உறையின் மேல் அச்சிட்ட வேகம் பல பட்டைகளில் தானாக வந்துவிடாது. பயாஸ் பகுதியுட் சென்று, இன்டெல் கணிப்பொறிகளில் எக்ஸ்.எம்.பி. என்றும், ஏ.எம்.டி. டி.டி.ஆர்.5 கணிப்பொறிகளில் எக்ஸ்போ என்றும் வழங்கும் அமைப்பை இயக்கினாலன்றிப் பட்டை தன் அடிப்படை வேகத்திலேயே ஓடும். வேகத்திற்கு விலை கொடுத்துவிட்டு அதனைப் பெறாதிருப்போர் பலர்.

விலையின் ஏற்ற இறக்கம்

மரவள்ளிக் கிழங்கின் விலை ஓராண்டு ஏறி மறு ஆண்டு இறங்குவதை நம் மாவட்ட உழவர் நன்கறிவர். நினைவகத்தின் விலையும் அவ்வாறே நிலையற்றது. 1993-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஜப்பானின் நீஹாமா நகரில் சுமிட்டோமோ கெமிக்கல் ஆலை ஒன்று வெடித்தது. சில்லுகளைப் பொதியப் பயன்படும் பிசினில், உலகத் தேவையின் பாதிக்கு மேல் அங்குத்தான் உற்பத்தியாகி வந்தது. எங்கோ ஓர் ஆலை வெடிக்க, உலகெங்கும் நினைவகத்தின் விலை கிடுகிடுவென உயர்ந்தது.

2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மற்றோர் ஏற்றம் நிகழ்ந்தது. உலகின் நினைவகச் சில்லுகளில் மிகப் பெரும்பகுதியைச் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களே உருவாக்குகின்றன. செயற்கை நுண்ணறிவிற்கான பெருங்கணிப்பொறி நிலையங்களின் தேவை மிகுந்தமையால், அவை தம் உற்பத்தியை அப்பக்கம் திருப்பின. விளைவாக, வீட்டுக் கணிப்பொறிக்கான பட்டைகளின் விலை சில திங்களிலேயே இரு மடங்கிற்கும் மேலாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில், மைக்ரான் நிறுவனம் குருஷியல் என்னும் தன் நுகர்வோர் விற்பனையை விட்டு விலகுவதாகவும் அறிவித்தது. எங்கோ நடைபெறும் வணிகப் போட்டியின் சுமை, மேச்சேரியில் ஒரு மாணவன் கையிலிருக்கும் பணத்தின் மீதும் வந்து விழுகின்றது.

இத்தகைய காலத்தில் தேவைக்கு மிஞ்சி வாங்குவது பெரும்பிழையாகும். இன்றைய தேவைக்கு உரியதை வாங்கி, கூட்டுவதற்கு இடம் விட்டு வைத்து, விலை தணியும் காலத்திற்குக் காத்திருப்பதே அறிவுடைமை. பயன்படுத்திய பட்டைகளை வாங்குவதும் இழுக்கன்று. எழுத எழுதத் தேயும் எஸ்.எஸ்.டி. போன்று நினைவகம் தேய்வதில்லை. ஆயினும், வாங்கிய அன்றே மெம்டெஸ்ட்86 என்னும் சோதனையை ஓரிரவு ஓட விட்டு, பிழை ஒன்றேனும் தோன்றின் திருப்பித் தரும் உடன்பாட்டோடு வாங்குதல் வேண்டும். புதியதாயின் இரசீதையும் உத்தரவாதச் சீட்டையும் பெற்றுப் பேணுதல் கடமையாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், நினைவகம் என்பது பெருமைக்குரிய எண்ணன்று. ஒரு தேவைக்குரிய அளவே என்பது புலனாகும். ஆடவிருக்கும் விளையாட்டுகளை எழுதிக்கொள்க. அவற்றின் பரிந்துரையைக் காண்க. உள்ள கணிப்பொறியாயின் அளந்து பார்க்க. போர்டின் வகையையும் இடங்களையும் கேட்டறிக. அதன் பின்னரே விலை பேசுக. பெரும்பாலோர்க்கு 16 ஜி.பி. இனிது அமையும், காரணம் உடையோர் 32 கொள்க, காரணம் இல்லாதோர் அவ்வேறுபாட்டுப் பணத்தைத் தம் இல்லத்தார்க்கு மிச்சப்படுத்துக.

இக்கணிப்பொறி விளையாட்டோடு நிற்பதன்று. அதே கருவியில்தான் மாணவன் பாடங்களைப் படிப்பான், நிரல் எழுதப் பழகுவான், வேலைக்கு விண்ணப்பிப்பான். ஆகவே கடைக்குச் செல்லுமுன் மகனும் தந்தையும் ஒருங்கமர்ந்து, ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு கணக்கிடுவாராயின், கடைக்காரரின் வினாவிற்குத் தயக்கமின்றி விடை கூறலாம். கணிப்பொறி கற்றவர்க்கே அது இயலும் என்பதன்று. ஆட்டுச் சந்தையில் பல் பார்த்து வாங்கத் தெரிந்த எவர்க்கும் இயலும்.